ஒரே கூரையின் கீழ் இரண்டு டிரைவ்

சித்தப்பாவின் இடது கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலும், டாக்டர் அறை வாசலில் காத்திருந்தாலும், சுண்டுவிரலும் மோதிரவிரலும் தொடைமேல் ஒருசேர ஒரு தட்டுத் தட்டும். கன்ட்ரோலும் எஸ்ஸும். இருபது வருடம் டைப் அடித்த கை. வரிக்கு வரி சேவ் செய்து பழகி, வரியே இல்லாத இடத்திலும் செய்துகொண்டிருந்தது.

"என்ன, நான் திட்டறதையும் சேவ் பண்றீங்களா?" என்பார் சித்தி.

"அதுக்கு இடம் பத்தாதும்மா."

அவருடைய கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சரிந்து இறங்கும் கூரை. யார் வந்தாலும் முதலில் "தலை, தலை" என்று எச்சரிப்பார், வணக்கமெல்லாம் அப்புறம்தான். கடையை மூடுமுன் அன்றைய வேலை முழுவதையும் சி டிரைவிலிருந்து டி டிரைவுக்குக் காப்பி எடுப்பார். டி-யில் 'பத்திரம்' என்று ஒரு ஃபோல்டர்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அதுவும் கம்ப்யூட்டர் படிப்பு. இரண்டாம் வருட விடுமுறையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நீ படிச்சவ. பார்த்துச் சொல்லு, இது போதுமா?"

டிஸ்கைப் பிரித்து வைக்கும் பார்ட்டிஷன் பற்றி அந்தப் பருவத் தேர்வில்தான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். இருந்தும், "பக்காவா இருக்கு சித்தப்பா" என்றேன். பெட்டிக்குள் எத்தனை டிஸ்க் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. எழுதியது எனக்கே புரியவில்லையா, என்னைப் போய்க் கேட்கிறாரே என்ற பெருமையா? இன்றுவரை தெரியவில்லை.

புதன்கிழமைதோறும் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் கடைக்கு வருவார். தான் பார்த்த பிரசவங்களைப் பற்றி ஒரு புத்தகம் போட வேண்டும் என்பது அவர் ஆசை. நோட்டு, குறிப்பு எதுவும் கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் சொல்வார், சித்தப்பா அடிப்பார். இரண்டு வருடத்தில் நூற்று நாற்பத்திரண்டு பக்கம் ஆயிற்று.

அடுத்த விடுமுறையில் நான் ஊரில் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை, கம்ப்யூட்டருக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல டொக் டொக் என்று சத்தம். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

"செத்தது சி-தானே. டி-யைக் கழட்டிக் குடு" என்றார் சித்தப்பா.

"உள்ள ஒரு டிஸ்க்தான் சித்தப்பா இருக்கு."

"இன்னொண்ணு?"

"இல்ல. ஒரே வீட்டுல நடுவுல சுவர் வெச்சு ரெண்டு ரூமாக்கின மாதிரிதான் சி-யும் டி-யும்."

"கூரை?"

"ஒண்ணுதான்."

தலைக்கு மேல் சரிந்திருந்த கூரையை அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பழுது பார்ப்பவரோ டிஸ்கைக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

புதன்கிழமை நர்ஸ் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மூவாயிரம் பிரசவம் பார்த்தவ தம்பி நான். ஒரு குழந்தையையும் கீழ போட்டதில்ல. நீ என் புத்தகத்தையே போட்டுட்டியே! டி-யில வெச்சா போதும்னு எவன் சொன்னான் உனக்கு?"

நான் பிரிண்டரை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லல சிஸ்டர். நானா நினைச்சுக்கிட்டேன்" என்றார் சித்தப்பா. இரண்டு விரலும் மேசைமேல் ஒருமுறை தட்டின.

பிழை திருத்துவதற்காகச் சித்தப்பா அவ்வப்போது கொடுத்த பிரிண்ட் எதையும் நர்ஸ் தூக்கிப் போட்டிருக்கவில்லை. அவர் பீரோவில் நூற்றிருபத்தெட்டுப் பக்கம் சிவப்பு மையோடு கிடைத்தது. காகிதத்துக்கே வராத கடைசிப் பதினான்கு பக்கம் மட்டும் போயிற்று.

கிடைத்ததையெல்லாம் சித்தப்பா மறுபடி அடித்தார். "அந்தப் பதினாலையும் திரும்ப வாங்கித் தராம விடமாட்டேன் சிஸ்டர்" என்று வாக்கும் கொடுத்தார். வெளியே தனியாக மாட்டும் டிஸ்க் இரண்டு வாங்கினார். ஒன்று கடை மேசை டிராயரில், இன்னொன்று நர்ஸ் வீட்டு பீரோவில். வாராவாரம் இரண்டையும் மாற்றிக்கொள்வார்கள். காப்பி எடுத்ததோடு விடாமல், ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து படித்துப் பார்த்த பிறகே கழற்றுவார். நர்ஸ் தன் டிஸ்கைக் குழந்தைத் துண்டில் சுற்றி எடுத்துப் போவார். "இது அழாது, அதுவரைக்கும் நிம்மதி."

ஆனால் அந்தப் பதினான்கு பக்கம் வரவில்லை. நர்ஸ் சொல்வார், சித்தப்பா அடிப்பார், அரைப் பக்கத்தில் நர்ஸ் தலையாட்டுவார். "அன்னிக்குச் சொன்னது இப்படி இல்ல. அழி." இப்படியே நான்கு வருடம். போன வருடம் ஒரு வியாழக்கிழமை, கடை ஷட்டரைத் தூக்கும்போதே சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதோடு சரி.

துக்கம் கேட்க வந்த நர்ஸ் துண்டை விரித்து டிஸ்கை என் கையில் கொடுத்தார். "பதினாலு பக்கம் பாக்கி வெச்சுட்டுப் போயிட்டாரு உன் சித்தப்பா."

"டி-யில வெச்சா போதும்னு சொன்னது நான்தான் சிஸ்டர்."

"தெரியும். அன்னிக்கே உன் மூஞ்சியைப் பார்த்தேனே. ஆனா வாக்குக் குடுத்தது அவரு."

டிஸ்கைத் திறந்து பார்த்தேன். 'பாக்கி' என்று ஒரு கோப்பு இருந்தது. உள்ளே ஒரு எழுத்து இல்லை. கடைசியாகச் சேவ் செய்த நாள், அவர் போனதற்கு முந்தின புதன்கிழமை.

இப்போது புதன்கிழமைகளில் நான் நர்ஸ் வீட்டுக்குப் போகிறேன். போன வாரம் முக்கால் பக்கம் வரை சொன்னார். பிறகு தலையாட்டினார்.

"இல்ல. அழி."

அழித்தேன். வெறும் பக்கத்தைச் சேவ் செய்தேன்.