இருபத்தாறு ஆள் உயரம்

வாரத்தில் ஆறு நாள் கட்டடங்களின் வயிற்றுக்குள் கிடந்தவர் அவர். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் இறங்கி, கிரீஸ் பூசிய கம்பிக் கயிறுகளைத் தடவிப் பார்த்து, நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் வசவுகளை வாங்கிக் கட்டிக்கொள்வது தொழில். பத்து மாடிக் கட்டடத்தின் உள்விவகாரம் எல்லாம் அத்துப்படி. அது வெளியே என்ன நிறம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். அதனாலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏதாவது ஓர் ஊருக்குக் கிளம்பிவிடுவார். அங்கே கட்டடங்களை வெளியே நின்று ஆசை தீரப் பார்ப்பார், படம் பிடிப்பார், இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்.

சர்ச், மணிக்கூண்டு, தபால் நிலையம், ரயில் நிலையம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சர்ச் என்றால் மட்டும் பித்து கொஞ்சம் கூடுதல். சாமி கும்பிடுகிற ஆளும் இல்லை. "லிஃப்ட் இல்லாத காலத்துல கல்ல எவ்வளவு உயரம் ஏத்தியிருக்கான் பாரு" என்பார். அவருடைய பக்தி அவ்வளவுதான்.

துணைக்கு மனைவியும் போவாள். துணைக்கு என்பது மரியாதைக்குச் சொல்வது. படத்தில் ஆள் இல்லாவிட்டால் கோபுரம் எவ்வளவு உயரம் என்று யாருக்கும் பிடிபடாது, கீழே ஓர் ஆள் நிற்க வேண்டும். அவள் சரியாக ஐந்தடி. வாசலருகே அவளை நிறுத்திப் படம் எடுப்பார். பிரிண்ட் வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்து, பின்பக்கம் தேதியும் கணக்கும் எழுதுவார். தபால் நிலையம், ஒன்பது. ரயில் நிலையம், பதினொன்று. அடியும் இல்லை, மீட்டரும் இல்லை. ஊர் உலகத்துக் கட்டடம் எல்லாம் அவருக்கு எத்தனை மனைவி உயரம் என்பதுதான் கணக்கு.

அவள் கேமராவைப் பார்த்து நிற்கக் கூடாது, அதுதான் சட்டம்.

"முகம் தெரிஞ்சா பாக்கறவன் கண்ணு முகத்துக்குப் போயிடும். அப்புறம் கோபுரத்த யார் பாப்பாங்க? திரும்பி மேல பாத்துக்கிட்டு நில்லு."

"மேல பாத்துப் பாத்துக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. புறா ஏதாவது போட்டா யாரு பொறுப்பு?"

"அளவுகோல் பேசக் கூடாது."

"ஆமா, அளவுகோலுக்குப் பசிக்கவும் கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே போய் நிற்பாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பின்னால் வாரம் முழுக்க உட்கார்ந்திருப்பவள், அதனால் ஞாயிறன்று நிற்பதில் அவளுக்கு வருத்தம் இல்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை அவளுக்குத்தான். வழியெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே வருவாள். அவர் 'உம்' போட்டபடி அடுத்த வாரத்து ஊரைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்.

இப்படி ஒன்பது வருஷம், நானூறு படம். பிறகு ஒரு திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது, வியாழக்கிழமை அவள் இல்லை. சீட்டு எழுதிய ஆஸ்பத்திரியிலேயே சீட்டு வாங்கிப் படுத்தவள் திரும்பி வரவில்லை. கேமரா அலமாரிக்குள் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பதினொரு மாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகளுக்குத் தொலைவில் ஓர் ஊரில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. கிளம்ப இருபது நாள் இருக்கும்போது, "எனக்கு அம்மா படம் ஒண்ணு வேணும்பா. மேசையில வச்சுக்கணும்" என்றாள். கேட்டது அவ்வளவுதான். ஆஸ்பத்திரி அடையாள அட்டையில் ஒரு படம் இருந்தது, தும்மல் வரப்போகிற முகத்தோடு. கல்யாணப் படத்தில் இருந்தவள் பத்தொன்பது வயதுப் பெண், கண் மையும் பவுடருமாக யாரோ போல இருந்தாள். வீட்டில் ஒரு கேமரா இருக்கும்போது இன்னொருவரிடம் போய் எதற்குப் படம் எடுத்துக்கொள்வது? ஆகவே வேறு படம் கிடையாது.

மகள் அட்டைப்பெட்டிகளை எல்லாம் இறக்கித் தரையில் பரப்பினாள். மாலை வரைக்கும் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு பொறுமை போய்விட்டது.

"நானூறு படம் எடுத்திருக்கீங்க. நானூறுலயும் அம்மாவோட பின்னல்தான் இருக்கு."

அவர் தரையில் கிடந்த படங்களைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினார்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நெகட்டிவ்களையும் படங்களையும் அள்ளிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். ஸ்டூடியோக்காரர் அவருக்கு ஒன்பது வருஷப் பழக்கம். இருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். லேசாகத் தலை திரும்பியிருந்த ஒன்றிரண்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிடி ரவை இறைந்த மாதிரி புள்ளிகள்தான் வந்தன. "இதுக்கு மேல போனா ஒண்ணும் இருக்காது சார்" என்றார் ஸ்டூடியோக்காரர். பிறகு வேறொரு படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க கல்யாணம் ஏதாவது நடந்துச்சா? படியெல்லாம் பூவா இருக்கு."

பெரிய சர்ச். பின்பக்கம் அவர் எழுதியிருந்தார்: இருபத்தாறு. அவர் எடுத்ததிலேயே உயரமானது அதுதான்.

அந்த நாள் முழுசாக நினைவுக்கு வந்தது. கல்யாணக் கூட்டம் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நகரவே இல்லை. வெளிச்சம் போய்விடப் போகிறதே என்று இவர் மைதானத்துக்கு அந்தப் பக்கம், விளக்குக் கம்பத்தருகே, ஸ்டாண்டோடு நின்று பொருமினார். இவள் வேடிக்கை பார்க்கப் போனாள். கூட்டம் கலைந்ததும் ஓடிவந்து இடத்தில் நின்றாள், அவர் எடுத்தார். அப்புறம்தான் கேட்டாள். "ஒரே ஒரு படம் என்னை எடுங்களேன், முகம் தெரியற மாதிரி."

"ஃபிலிம்ல ஒண்ணுதான் பாக்கி. கோபுரத்து உச்சிய இன்னும் எடுக்கல. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் ஏதோ ஒரு லிஃப்ட் நின்றுபோனது. அவளும் மறுபடி கேட்கவில்லை. கேட்காததால் அவரும் மறந்துபோனார். இப்போது ஸ்டூடியோ ஸ்டூலில் உட்கார்ந்தபடி இதை நினைத்துக்கொண்டிருந்தார். அதோடு அன்றைய பஸ் பேச்சும் எங்கிருந்தோ கிளம்பி வந்தது. 'என்னையும் இழுத்து வரிசையில நிறுத்திட்டாங்க. ஏதோ சொந்தம்னு நெனச்சுக்கிட்டாங்க போல' என்று சிரித்துக்கொண்டே சொன்னாளே. 'உம்' என்று மட்டும் சொன்னாரே.

அப்படியானால் எவரோ ஒருவருடைய கல்யாண ஆல்பத்தில் அவள் முகம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினார். கேமராவையும் எடுத்துக்கொண்டார், ஏனென்று கேட்டால் தெரியாது. ஜன்னலோர இருக்கையில் உட்கார மனம் வராமல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் தேதியைக் கேட்டு, பதிவேட்டைப் புரட்டி, அந்தத் தம்பதியின் வீட்டுக்கு வழி சொன்னார். இரண்டு தெரு தள்ளித்தான். கதவைத் திறந்த பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. வந்த விஷயத்தை அவர் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் அவள் உள்ளே போய் ஆல்பத்தோடு வந்தாள்.

"இந்த அம்மாவா பாருங்க. இவங்களால எங்க வீட்டுல சண்டையே வந்திருக்கு. நான் அவரு பக்கத்துச் சொந்தம்னு நெனச்சேன், அவரு என் பக்கத்துச் சொந்தம்னு நெனச்சாரு. விசாரிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் யாருக்கும் தெரியல."

இரண்டாவது வரிசையின் கோடியில் நின்றிருந்தாள். படத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். முப்பத்தொன்பது பேரும் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் கொஞ்சம் இடப்பக்கமாகத் திரும்பி, படத்துக்கு வெளியே எதையோ பார்த்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் முழுசாகத் தெரிந்தது. ஒரு கை பாதி உயர்ந்திருந்தது.

"யாரயோ கூப்பிடறாங்க பாருங்க" என்றாள் அந்தப் பெண். "நீங்களும் வாங்கன்னு."

படிக்கட்டு இருக்கும் திசையும் மைதானம் இருக்கும் திசையும் அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம்தான் இருந்தது.

அந்தப் பெண் ஆல்பத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொள்ள, அவர் புது ஃபிலிம் போட்டுப் படம் எடுத்தார். ஒன்று போதும். இரண்டாவது ஒரு ஜாக்கிரதைக்கு. அப்புறம் நிறுத்த முடியவில்லை. அந்தப் பெண்ணும் கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோபுரத்துக்கு ஒரு படம்கூட மிச்சம் வைக்காமல் முழுச் சுருளையும் தீர்த்தார்.

திரும்பும் வழியில் சர்ச் படிக்கட்டில் ஏறி, அவள் நின்ற இடத்தில் நின்றார். அங்கிருந்து விளக்குக் கம்பம் ரொம்ப தூரம். அவ்வளவு தூரத்தில் நிற்கிற ஆளுக்குக் கூட்டத்தின் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஆனால் தலையைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

"முப்பத்தாறும் ஒரே படமா இருக்கே, கேமராவுல கோளாறா சார்?" என்று கேட்ட ஸ்டூடியோக்காரர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார்.

மகள் அதைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் சாய்த்து வைத்தாள். நெடுநேரம் பார்த்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி பார்த்தாள்.

"அம்மாதான். அப்படியே அம்மா. யாரப் பாத்துப்பா இப்படிச் சிரிக்கறாங்க?"

"என்னைத்தான். போட்டோவுல சேந்து நிக்கக் கூப்பிட்டிருக்கா."

"நீங்க போகலயா?"

"பாக்கவே இல்லம்மா. லைட் மீட்டர்ல வெளிச்சம் எவ்வளவு இருக்குன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய், படத்தில் அவள் பார்க்கும் பக்கமாக, மேசையின் இடது ஓரத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.