கிளாஸில் ஊற்றிய தெம்பிலி

குடித்துப் பேரைக் கெடுத்துக்கொண்டவர்கள் எந்த ஊரிலும் நாலு பேர் இருப்பார்கள். குடிக்காமலே பேர் கெட்டவர் எனக்குத் தெரிந்து றஊப் நானா ஒருவர்தான். அதுவும் ஒரு கிளாஸ் தெம்பிலியால். செவ்விளநீரைத்தான் நாங்கள் தெம்பிலி என்போம். காய்ச்சல்காரனுக்கும் நோன்பு துறப்பவனுக்கும் கொடுக்கிற சாமான். அதைக் குடித்து ஒரு மனிதனின் மானம் போனது எங்கள் குறிஞ்சிப்பிட்டியில்தான்.

நான் தாஹிர். சந்தியில் வாகனம் கழுவுகிற கராஜ் வைத்திருக்கிறேன். வாகனம் கழுவ வருகிறவன் சும்மா நிற்க மாட்டான், கதைப்பான். றஊப் நானாவும் அப்படித்தான் என்னிடம் கதைத்தார். வீட்டில் கதைக்க ஆள் இருந்திருந்தால் என்னிடம் ஏன் கதைக்கப் போகிறார்?

அவர் மன்னார் எருக்கலம்பிட்டி ஆள். தொண்ணூறில் யுத்தத்துக்குள்ளே வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் விரட்டியபோது உடுத்த துணியோடு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களில் ஒருவர். இங்கே உப்பளத்தில் கூலி வேலை செய்தார், லொறி ஓட்டினார், அகதி முகாமிலேயே கமறியாவைக் கல்யாணம் முடித்தார். ஒரே மகள், நிஃப்லா. அவள் பிறந்தது ஓலைக் கொட்டிலில். பிறந்த பிள்ளையின் காதில் முதலில் விழ வேண்டியது பாங்கு, தொழுகைக்கான அழைப்பு. அதைச் சொல்லப் பள்ளி லெப்பையைத் தேடி ஓட நேரமில்லாமல், பிள்ளையின் வலது காதில் வாயை வைத்துத் தானே பாங்கு சொன்னதாக அவர் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். தன்னிடம் அப்போது சொந்தமாக இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான் என்பார்.

யுத்தம் முடிந்ததும் அவருடைய நானாமாரும் தம்பிமாரும் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். வா வா என்று இவரையும் கூப்பிட்டார்கள். அந்த நேரம் கமறியாவுக்குச் சுகமில்லை. பிறகு கமறியா மவுத்தாகி, இங்குள்ள மையவாடியில் அடக்கம் செய்தபின் இவருக்குப் போக மனம் வரவில்லை. "ஆள இஞ்ச உட்டுட்டு நான் எப்பிடிப் போற தம்பி?" என்று கேட்டார்.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். ஆனால் நிஃப்லாவைக் கட்டிய மின்ஹாஜ் புத்தளம் நகரத்துப் பையன். அவன் உம்மா சித்தி மரியம், ஒற்றை அறைத் தகர வீட்டுக்குள் என் மகன் எப்படி இருப்பான் என்று கேட்டுப் பொம்பிளையையே தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கேட்டதில் பிழை இல்லை, வீடு அப்படித்தான். ஆனால் அதன் பிறகு அந்த ஒற்றை அறை றஊப் நானாவுக்கு ஒருவருக்கே ஆகிவிட்டது. பேக்கரியில் ஒரு பாண் வாங்குவார். பாதியைக் காலையில் தின்பார், மீதி இரவில் காய்ந்து கிடக்கும். அடுத்த நாள் கோழிக்குப் போடுவார். கோழியும் பக்கத்து வீட்டுக் கோழிதான்.

கற்பிட்டியில் ஹோட்டல்கள் வந்த பிறகு ஒரு பழைய வானை வாங்கி வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கத் தொடங்கினார். அவர்கள் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் பாய வருகிறவர்கள். காற்று விழுந்துவிட்டால் அன்றைக்கு வேலையில்லை. அப்படியான நாட்களில் ஹோட்டல்காரன் அவர்களைச் சிலாபத்துக்குத் தெற்கே ஒரு தென்னந்தோட்டத்துக்கு அனுப்பிவிடுவான். அங்கே சின்னதாக ஒரு சாராயம் வடிக்கிற இடமும், அதோடு ஒட்டினாற்போல பியர் காய்ச்சுகிற கொட்டகையும் இருந்தன. பெரிய கம்பனி இல்லை. இரண்டு செப்புப் பானை, நாலைந்து ஆட்கள், அவ்வளவுதான். வருகிறவர்களுக்குக் கள்ளு இறக்குவதிலிருந்து எல்லாம் காட்டி, கடைசியில் மேசையில் இருத்திச் சின்னச் சின்னக் கிளாஸ்களில் ருசி பார்க்கக் கொடுப்பார்கள்.

அந்த வாடகை ஓட்டத்துக்கு, அந்த ஹயருக்கு என்று றஊப் நானா ஒரு தனிச் சேட் வைத்திருந்தார். வானின் பின்னால் கொளுவியில் தொங்கும். தோட்டத்து வாசலில் நிறுத்தி அதைப் போட்டுக்கொள்வார். திரும்பி வரும்போது கழற்றிப் பையில் கட்டி, நேரே என் கராஜுக்கு வந்து வானின் உள்பக்கம் முழுக்கக் கழுவச் சொல்வார். தானும் வாயைக் கொப்பளிப்பார். "நானா, நீங்க குடிக்கவே இல்லையே, வாய் ஏன் கொப்பளிக்கிறீங்க?" என்று நக்கலடிப்பேன். "அந்தக் காத்தும் வாய்க்குள்ளதானே போற," என்பார்.

அங்கே ருசி பார்க்க வைக்கிறவர் அன்ரனிப்பிள்ளை. சிலாபத்துக் கத்தோலிக்கர், மூன்று பாஷையும் சரளம். அவருடைய விளக்கத்தை றஊப் நானா ஜன்னலுக்கு வெளியே பலா மரத்தடியில் நின்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். முதலில் கிளாஸை வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். பிறகு மெல்லச் சுழற்ற வேண்டும். மூக்கை உள்ளே விடாமல் ஓரத்தில் வைத்து மணக்க வேண்டும். ஒரு மிடறு நாக்கில் போட்டு, கண்ணை மூடி, என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். முதலில் வருவது பீப்பாய் காணாத வெள்ளைச் சாராயம், பச்சைத் தண்ணீர் போல இருக்கும். அதன் பிறகு சாவண்டலை மரப் பீப்பாயில் கிடந்து நிறம் ஏறியவை. நடுவில் ஒரு துண்டு வெறும் பாண் தின்று நாக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும். "வெறும் பாணத் திங்கிறதுக்கு அவனுகளுக்குச் சாராயம் வேண்டிக் கிடக்கு, எனக்கு அதுவும் இல்லாம உள்ள போகுது," என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

பேர் கெட்ட அன்றைக்கு வந்தது நாலு இளைஞர்களும், அவர்களில் ஒருவனுடைய தாயும். ஒல்லாந்துக்காரி. எழுபது வயதிருக்கும். டொக்டர் தடுத்திருப்பதால் அவள் ஒரு சொட்டும் குடிக்க மாட்டாள். அன்ரனிப்பிள்ளை அவளுக்காக ஒரு தெம்பிலி வெட்டச் சொன்னார். அவளோ, எல்லாருக்கும் கொடுக்கிற கிளாஸில்தான் எனக்கும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஊற்றிக் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு மேசையின் ஒரு கோடியில் தனியாக இருந்தவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருக்கிறாள். பலா மரத்தடியில் ஒருவர் நிற்கிறார். அவளுக்கு எதிரே ஒரு கதிரை சும்மா கிடக்கிறது.

அன்ரனிப்பிள்ளை வெளியே வந்தார். "றஊப் நானா, அந்த மேடம் உங்களக் கூப்பிடுறா. தனிய இருக்கேலாதாம்."

"நான் உள்ளுக்கு வாறதில்லையே அண்ணே."

"தெம்பிலிதான் நானா தருவன். வேற ஒண்டும் உங்கட பக்கம் வராது. சும்மா வந்து இருங்கோ."

ஏன் போனீர்கள் என்று பிறகு நான் கேட்டேன். அவர் சொன்னார்: "மேசையில வந்து இரி எண்டு என்னய ஒராள் கூப்பிட்டு ரெண்டு வருசம் தம்பி. கால் தன்ட பாட்டுல போய்ட்டு."

உள்ளே போய் இருந்தார். அவருக்கும் அதே கிளாஸில் தெம்பிலி வந்தது. பக்கத்தில் இளைஞர்கள் கண்ணை மூடிக்கொண்டு, கருகிய சீனி மணக்கிறது, ஈர மரம் மணக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். ஒல்லாந்துக்காரி அவர்களைப் பார்த்தாள், தன் கிளாஸைப் பார்த்தாள், பிறகு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தெம்பிலியை வெளிச்சத்தில் பிடித்தாள். சுழற்றினாள். ஓரத்தில் மூக்கை வைத்தாள். கண்ணை மூடி, "மழை. கொஞ்சம் குரங்கு," என்றாள். றஊப் நானாவும் விடவில்லை. தன் கிளாஸைச் சுழற்றி மணந்து, தெரிந்த இங்கிலிஷில், "மேடம், இது வயது போதாது. பன்னிரண்டு வருடம் பீப்பாயில் போட வேண்டும்," என்றார். அவள் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். இவரும் கிளாஸைத் தூக்கியபடியே வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமட்டும்.

அந்த நேரம் பார்த்து அங்கே வேலை செய்யும் பெட்டை ஒருத்தி போட்டோ எடுத்தாள். வருகிற விருந்தாளிகளை எடுத்துத் தங்கள் பேஸ்புக்கில் போடுவது அவள் வேலை. போட்டாள். அவள் மேல் என்ன குற்றம்?

போட்டோவில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வரிசையாகச் சாராயப் போத்தல்கள், பக்கத்தில் வெள்ளைக்காரி, கையில் கிளாஸ், கிளாஸில் பச்சைத் தண்ணீர் போல ஒன்று. அது மூன்றாம் நாளே எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. நல்ல செய்திக்கு எங்கள் ஊரில் பஸ் கிடைப்பதில்லை. இப்படியான செய்திக்குப் பள்ளிவாசல்துறையிலிருந்து எத்தாளை வரைக்கும் வீட்டுக்கு வீடு வாகனம். என் கராஜுக்கு வந்தவர்கள் போனை நீட்டி, "ஒங்கட கூட்டாளியப் பாத்தீங்களா?" என்றார்கள். அது தெம்பிலி என்று நான் சொன்னேன். ஓம், ஓம், தெம்பிலிதான் என்று கண்ணடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேரின் மோட்டார் சைக்கிளைக் கழுவாமலே திருப்பி அனுப்பினேன்.

ஊர் வாயைக்கூட அவர் தாங்கியிருப்பார். அப்போது நிஃப்லாவுக்கு நிறை மாதம். பிள்ளை பிறந்ததும் காதில் பாங்கு சொல்வது தன் வாப்பாதான் என்று அவள் முன்பே சொல்லி வைத்திருந்தாள். மின்ஹாஜும் சரி என்றிருந்தான். அதற்காக இந்த மனிதர் பட்ட பாட்டை நான் என் கண்ணால் பார்த்தேன். வானைக் கழுவக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்று, மெல்லிய குரலில் பாங்கைச் சொல்லிப் பார்ப்பார். ஐந்து நேரமும் கேட்கிற பாங்குதானே, எதற்கு இந்தப் பழக்கம் என்றேன். "சத்தமாச் சொல்றது லேசு. சின்னக் காதுக்குச் சொல்றது வேற," என்றார். அந்த ஆண்டு முழுக்க அவர் எதிர்பார்த்திருந்தது அந்த ஒன்றைத்தான்.

மின்ஹாஜ் போன் எடுத்தபோதும் அவர் என் கராஜில்தான் இருந்தார். அவன் சத்தமாகக் கதைக்கிறவன், எனக்கும் கேட்டது.

"மாமா, மனசுல ஒண்டும் வைக்காதீங்க. பாங்க எங்கட ரஸாக் ஹாஜியார் மாமா சொல்லட்டும் எண்டு உம்மா சொல்றா. அந்த வாயால வேணாமாம்."

"அது தெம்பிலி மகன்."

"எனக்குத் தெரியும் மாமா. நீங்க அப்பிடி ஆளில்ல. ஆனா பாக்கிற சனத்துக்கு என்ன சொல்ற? தெம்பிலிய ஆரு மாமா அந்தக் கிளாஸ்ல குடிக்கிற?"

உண்மையில் அது ஒன்றுதான் அவர் விட்ட பிழை. தெம்பிலியைக் காயோடு குடித்திருந்தால் ஒரு நாயும் திரும்பிப் பார்த்திருக்காது.

அதன் பிறகும் காற்று விழுகிற நாட்களில் ஹயர் வந்தது, போனார். அன்ரனிப்பிள்ளை உள்ளே கூப்பிடுவார். இவர் வாசலுக்கு வெளியே, றோட்டில் போகிற வருகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நின்று, தெம்பிலியைக் காயோடு தூக்கிக் குடிப்பார். கடைசிச் சொட்டுவரை குடித்து, வெறும் தெம்பிலிக் கோம்பையை வானின் முன் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவார். யாருக்குக் காட்ட? போட்டோ பார்த்தவர்கள் கோம்பை பார்க்க வரவில்லை.

பிள்ளை ஒரு வியாழக்கிழமை புத்தளம் ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண் பிள்ளை. இவருக்குச் செய்தி வரும்போது ரஸாக் ஹாஜியார் வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்லி முடித்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டும் ஆகிவிட்டது. பகல் பார்வை நேரத்துக்கு இவர் போனார். குளித்து, வெள்ளைச் சேட் போட்டு, பிள்ளைக்கு ஒரு சவர்க்காரப் பெட்டியும் வாங்கிக்கொண்டு போனார். வாட்டில் நடந்ததை அவர் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

நிஃப்லா தனியாகத்தான் இருந்தாளாம். பிள்ளையைத் தூக்கிக் கையில் கொடுத்தாளாம். "அந்த வலது காது எனக்கு நேரே வந்திச்சு தம்பி. வாய் தானா அசைஞ்சிச்சு. பொத்திக்கிட்டேன். சொல்லியாச்சே, இனி நான் என்னத்துக்கு?"

பிறகு நிஃப்லா தன் போனை எடுத்து அந்தப் போட்டோவைக் காட்டியிருக்கிறாள். அவருக்கு உயிரே போய்விட்டது.

"இதயேன் மகள் வச்சிரிக்கிற? அழிச்சிப்போடு."

"நான் அழிக்க மாட்டேன் வாப்பா. இதுல நீங்க சிரிக்கிறீங்க."

கிளாஸில் என்ன என்று அவள் கேட்கவில்லை. ஊரே கேட்டது, அவள் கேட்கவில்லை. உம்மா மவுத்தான பிறகு வாப்பா இப்படிச் சிரித்து நான் காணவில்லை என்றாள். பிறகு, "உள்ளுக்கு வந்து இரிங்க எண்டு ஒங்களக் கூப்பிட்டது ஆரு?" என்று கேட்டாள்.

"ஒரு வெள்ளைக்காரக் கிழவி. நான் வெளிய தனியா நிண்டேன். அதான் கூப்பிட்டிச்சு."

நிஃப்லா பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள். "நான் கூப்பிட்டிரிக்கோணும் வாப்பா," என்றாள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு றஊப் நானா என் கராஜ் மர வாங்கில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்க் குழாயை நிறுத்தினேன்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க நானா?"

"என்னத்தச் சொல்ற? சித்தி மரியம் சாப்பாட்டோட வந்துட்டா. மணியும் அடிச்சான். எழும்பி வந்துட்டேன்."

"வந்து?"

"வானுக்குள்ள ஏறிக் கண்ணாடிய எல்லாம் ஏத்திக்கிட்டு அந்தப் பாங்கச் சொன்னேன் தம்பி. மெதுவாத்தான், பழகின மாதிரியே. முழுசாச் சொல்லி முடிச்சிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணினேன்."