அலெஜ்டு என்ற சொல்லும் நான் எழுதிய கடைசி வரியும்

பேப்பரில் ‘எனக் கூறப்படுகிறது’ என்று முடிகிற செய்தியைப் படித்தாலே எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். யார் கூறினார்கள்? கூறியவனுக்கு வாய் இருக்கிறதே, பேர் இல்லையா? இதே வேலையை இங்கிலீஷில் செய்கிற சொல் அலெஜ்டு. அந்தச் சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஒரு பொம்பளையின் மானம் போனபோது கற்றுக்கொண்டேன்.

அறுபதுகளின் கடைசி. பாப்பாரப்பட்டிக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன ஊர், அதில் நான் டீச்சர். ஹெட்மாஸ்டர் ஒருவர், நான் ஒருத்தி, மத்தியானம் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட ஒரு அக்கா. ஸ்கூல் என்றால் அவ்வளவுதான். அந்த அக்காவுக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். புருஷன் தவறிவிட்டார். ஒரே மகள், என்னுடைய மூன்றாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

அப்போது அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோள மாவில்தான் பிள்ளைகளுக்கு உப்புமா. மாவு வெள்ளைத் துணி மூட்டையில் வரும். காலி மூட்டைகளைத் துவைத்துக் காயவைத்து யூனியன் ஆபீசுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். துவைப்பதற்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று உத்தரவு போட்டவர்கள் யோசிக்கவில்லை. ஸ்கூலில் குடிக்கவே ஒரு பானைத் தண்ணீர்தான். அதனால் அக்கா காலி மூட்டைகளைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு தன் வூட்டுக் கிணற்றுக்குப் போவார். துவைத்து, வேலியில் காயப்போட்டு, மடித்துக்கொண்டு வருவார். அவர் வேலையில் அது சேர்ந்ததே இல்லை. நாங்கள் கேட்டோம், அவர் செய்தார்.

அதைத்தான் எவனோ பார்த்திருக்கிறான். அல்லது எவளோ. கையெழுத்துப் போடாமல் ஒரு மொட்டை மனு போய்விட்டது. எனக்கு ஒரு ஆள்மேல் சந்தேகம் உண்டு, இன்றைக்கும் உண்டு. சொல்ல மாட்டேன். ஆதாரமில்லாமல் நான் சொன்னால் அந்த மொட்டை மனுவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஆபீசிலிருந்து இங்கிலீஷில் ஒரு மெமோ வந்தது. சமையல் செய்பவர் மாவை மூட்டையோடு வூட்டுக்குக் கொண்டுபோவதாக அலெஜ்டு, மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று. ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் பழுப்புக் கவரைக் கண்டாலே அவருக்கு வியர்த்துவிடும். அக்காவைக் கூப்பிட்டு, “நீ மாவு எடுத்தேன்னு ஆபீஸ்லருந்து எழுதியிருக்காங்கம்மா” என்று ஒரே போடாகப் போட்டார். அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். மேஜையில் அட்டை போன அகராதி ஒன்று இருந்தது, எடுத்துப் புரட்டினேன். நிரூபிக்கப்படாமல் சொல்லப்பட்டது என்று போட்டிருந்தது. “அக்கா, நீங்க எடுத்தீங்கன்னு இதுல இல்லை. எடுத்ததா யாரோ சொல்றாங்கன்னுதான் இருக்கு. நிஜமா பொய்யான்னு ஆபீசுக்கே தெரியாது. அதுக்குத்தான் உங்களைக் கேக்குறாங்க” என்றேன்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லை ஹெட்மாஸ்டரைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். “அப்ப சொன்னது யாருன்னு கேளுங்க டீச்சரம்மா. நான் எடுக்கலீங்க. அதை மட்டும் எழுதுங்க, போதும். வேலை போனாப் போவுது. பேரு போவக்கூடாதுங்க.”

அதற்குள் விஷயம் டீக்கடைக்குப் போய்விட்டது. இங்கிலீஷிலேயே வந்துடுச்சாம் என்று பேச்சு. தமிழில் வந்திருந்தால் கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருப்பார்கள் போல. நான் சும்மா போகவில்லை. டீக்கடை வாசலில் நின்று, “இன்னும் எதுவும் ருசுவாகலைங்க, யாரோ சொன்னதைத்தான் எழுதியிருக்காங்க” என்று விளக்கினேன். பெஞ்சில் இருந்த ஒருத்தர், “ஒண்ணுமில்லாமயா டீச்சரம்மா, கவர்மெண்டுல பேப்பர் செலவு பண்ணி எழுதுவாங்க?” என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அன்றைக்கு மத்தியானம் அக்காவின் மகள் தட்டை நீட்டவில்லை. பசிக்கலை என்றாள். எட்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு மணிக்குப் பசிக்காதா?

விளக்கத்தை அக்கா பேரில் நான்தான் எழுதினேன். மூட்டை எதற்காக வூட்டுக்குப் போகிறது, எப்படித் திரும்பி வருகிறது, மாவு இருப்பு சரியாக இருக்கிறது, எல்லாம் விலாவாரியாக. நான் எடுக்கவில்லை என்று அக்கா சொன்னதையும் சொன்னபடியே எழுதினேன். அங்கே பேனாவை மூடியிருக்க வேண்டும்.

ஹெட்மாஸ்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, “கடைசி வரி எங்கம்மா?” என்றார். கடைசி வரி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ‘இனிமேல் இவ்வாறு நேராது பார்த்துக்கொள்கிறேன், இம்முறை மன்னிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ மெமோவுக்குப் பதில் என்றால் இந்த வரியில்தான் முடிய வேண்டும். அது மரியாதை. அது இல்லாத காகிதம் திமிர் பிடித்த காகிதம். பஸ் லேட்டாக வந்ததற்கு நானே இப்படி மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸை நானா ஓட்டினேன்? மழையில் கூரை ஒழுகியதற்கு ஹெட்மாஸ்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் பொருள் பார்த்து யாரும் எழுதுவதில்லை, கும்பிடு போடுகிற மாதிரி எழுதுவோம். நானும் எழுதினேன். அக்காவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியைப் படிக்கக்கூட இல்லை. எல்லோரும் எழுதுவதுதானே என்று விட்டுவிட்டேன். என்னை நம்பி அவர் கட்டைவிரலை மசியில் ஒற்றிக் கைநாட்டு வைத்தார்.

பத்துப் பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. சம்பந்தப்பட்டவர் தன் குற்றத்தைத் தன் வாக்குமூலத்திலேயே ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கோரியிருப்பதால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். அதில் அலெஜ்டு என்ற சொல் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். அந்தச் சொல்லைத் துடைத்து எடுத்தது ஆபீஸ் இல்லை. நான்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு யூனியன் ஆபீசுக்குப் போனேன். கிளார்க்கிடம், “எடுக்கலைன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கே, அதைப் படிச்சீங்களா?” என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாக ஃபைலைத் திருப்பினார். “தப்பே பண்ணலைன்னா எதுக்குங்க மன்னிப்புக் கேட்டீங்க?”

“எல்லாரும் அப்படித்தானே எழுதுறோம்? நீங்க எழுத மாட்டீங்களா?”

“எழுதுவேங்க” என்றார். “எனக்கும் ஒரு இன்கிரிமெண்ட் அப்படித்தான் போச்சு.” சொல்லிவிட்டு நூல் போட்டு ஃபைலைக் கட்டினார். அந்த ஆளை அடித்திருக்கலாம் போல இருந்தது. அவரும் என்னை மாதிரி ஒரு ஆள்தான் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்த வரி வழக்கத்துக்காக எழுதியது, குற்றத்தை ஒத்துக்கொண்டதல்ல என்று அங்கேயே உட்கார்ந்து ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதில் வரவில்லை. இரண்டாவது மனுவுக்கும் வரவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். மகளை ஸ்கூலிலிருந்து நிறுத்திவிட்டார். நான் வூட்டுக்கே போய்க் கெஞ்சினேன். “மத்தப் புள்ளைங்க ஒரு மாதிரி கூப்பிடுதுங்களாம் டீச்சரம்மா” என்றதோடு சரி.

அப்புறம் எனக்கு நல்லம்பள்ளிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. ஏழெட்டு வருஷம் கழித்து, எழுபதுகளின் நடுவில், ஒரு கல்யாணத்துக்காகப் பாப்பாரப்பட்டிக்குப் போனவள் சந்தைக்குள் நுழைந்தேன். கோணிச் சாக்கை விரித்து அக்கா தக்காளி விற்றுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நான் ஒரு கிலோ கேட்டேன்.

பக்கத்தில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தர், “மாவுக்காரிகிட்டயா வாங்கறீங்க? எடையைப் பாத்து வாங்குங்கம்மா” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அந்த ஆளை நான் அந்த ஊரில் பார்த்ததே இல்லை. பேர் மட்டும் அங்கிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

“யோவ், அது யாரோ சொன்னது. ருசுவே ஆகலை” என்று நான் பாய்ந்தேன். சந்தையே திரும்பிப் பார்த்தது.

அக்கா என் கையைப் பிடித்தார். “வுடுங்க டீச்சரம்மா. யாரோ சொன்னதுன்னு இப்ப எப்படிங்க சொல்றது? மன்னிச்சுக்கங்கன்னு எழுதி, கீழ நான்தானே ரேகை வெச்சிருக்கேன்.”

அந்த வரியைப் பற்றி யார் அவரிடம் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் தக்காளியைத் தட்டில் போட்டு, இன்னும் இரண்டு சேர்த்து, தராசை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். “முள்ளைப் பாத்துக்கங்க” என்றார். என்னிடம்.