மெழுகுத் துணியில் வந்த நோட்டு

போன மாதம், மாட்டு டாக்டராக இருக்கிற நம் சின்னவள் ஊருக்கு வந்தபோது அவளுடைய போனை எனக்குக் காட்டினாள். மாட்டு டாக்டர்மார் எல்லாம் அதில் ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள். இடுக்கியில் யாரோ ஒருத்தர் ஒரு கன்றின் நாக்கைப் படமெடுத்துப் போட்டு, இது என்னவாக இருக்கும் என்று கேட்டிருந்தார். நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் நாலு ஊரிலிருந்து பதில் வந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஓரத்தில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு எண் தெரிந்தது, அது என்ன என்று கேட்டேன். இன்னும் படிக்காதது அப்பா, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்கார்ந்து பார்ப்பேன் என்றாள்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லையா என்று பிள்ளைகள் நீங்கள் கேட்டீர்கள். வயிற்றில் ஒன்றுமில்லை. காரணத்தைச் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில், பெரியவன் தவழ்ந்துகொண்டிருந்த வருஷம், நான் நம் எல்லையோரத்து ஊர் மிருகாஸ்பத்திரியில் அட்டெண்டர். மருந்து கலக்குவதும் மாட்டைக் கட்டிப் பிடிப்பதும் ஊசியைக் கொதிக்க வைப்பதும்தான் வேலை. ஊர்க்காரர்கள் கம்பவுண்டர் என்று கூப்பிடுவார்கள். நானும் திருத்தியதில்லை. டாக்டர் திருச்சூர்ப் பக்கத்து இளைஞர். ஆஸ்பத்திரியில் போன் கிடையாது. புதிதாக ஒரு நோயைப் பார்த்தால் அதைப் பற்றிப் பேச அவருக்குப் பக்கத்தில் இன்னொரு டாக்டரும் கிடையாது.

அதற்காக அவர்கள் ஐந்து டாக்டர்மார் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். துணி ஒட்டிய காலிகோ அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்று. அதை மெழுகுத் துணியில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவார்கள். நல்லேப்பிள்ளிப் பக்கம், எலப்புள்ளிப் பக்கம், செக்போஸ்ட் பக்கம், அப்புறம் நாங்கள் என்று சுற்றி வரும். ஐந்தாவது டாக்டர் வண்டிப்பெரியாருக்கு மாற்றலாகிப் போனவர், மலை டாக்டர் என்போம். மாதத்துக்கு ஒருமுறை நோட்டு மலையேறிப் போய், தேயிலை வாசனையோடு திரும்பி வரும். பார்த்த நோய், கொடுத்த மருந்து, பிழைத்ததா செத்ததா என்று ஒருவர் எழுதுவார். அடுத்தவர் அதன் கீழே தனக்குத் தெரிந்ததை எழுதுவார். வாங்கியவர் ஓரத்தில் கிழமையும் நேரமும் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். எந்த ஊரிலும் ஒரு நாளுக்கு மேல் நோட்டு தங்கக் கூடாது.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. டாக்டரைத் தவிர யாரும் அதைப் பிரிக்கக் கூடாது. அவர்கள் தங்கள் தவறுகளையும் அதில் ஒளிக்காமல் எழுதுவார்கள். தப்பு மருந்து கொடுத்து ஒரு எருமை செத்ததை ஒருவர் எழுதியிருக்கிறார் என்று எங்கள் டாக்டரே ஒருமுறை சொன்னார். அது வெளியே தெரிந்தால் எந்த சம்சாரியும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான். அந்தக் கட்டுப்பாட்டைக் கோயில் மூலஸ்தானம் மாதிரி நான் காப்பாற்றினேன்.

மாசி மாதம். மலைக் கணவாய் வழியாக வரும் காற்று நாள் முழுக்கப் புழுதியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது. தங்கை கல்யாணத்துக்காக டாக்டர் திங்கட்கிழமையே ஊருக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமைதான் வருவார். செவ்வாய்க்கிழமை மதியப் பஸ்ஸில் நோட்டு வந்தது. கண்டக்டர் கொடுக்கும்போது, செக்போஸ்ட் டாக்டர் ஓட்டமாக ஓடி வந்து கொடுத்தார், சீக்கிரம் சேர்த்துவிடச் சொன்னார் என்றார். டாக்டர் இல்லையே என்று நான் நினைத்தேனே தவிர, அவர் எதற்கு ஓடி வந்தார் என்று நினைக்கவில்லை. கட்டைப் பிரிக்காமல் மருந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

புதன்கிழமை காலையில், வாய்க்காலுக்குக் கிழக்கே ஓட்டு வீடு வைத்திருந்த அண்ணன் ஆள் அனுப்பினார். அவரை உங்களுக்கு லேசாகத்தான் ஞாபகம் இருக்கும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சொந்தம் இல்லாவிட்டாலும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய சிவலைப் பசு முந்தின நாள் பொழுது சாயப் பால் கொடுத்தது, காலையில் கட்டுத்தறியிலேயே செத்துக் கிடந்தது. நான் போனபோது வயிறு தம்மென்று ஊதி, கால்கள் விறைக்காமல் தொளதொளவென்று இருந்தன. மூக்கோரம் தார் மாதிரி ரத்தம். அதன் மேல் ஈ மொய்த்தது. பனைமரத்து மேலே கழுகுகள் வட்டம் போட்டன, ஆனால் ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை.

பக்கத்துக் காட்டுக்காரனோடு அண்ணனுக்கு வரப்புத் தகராறு. அவன்தான் மாட்டுக்கு ஏதோ வைத்துவிட்டான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். அரிவாள் கையில் இருந்தது. அக்கா, அதாவது அவர் சம்சாரம், வாசப்படியில் குறுக்கே நின்றுகொண்டிருந்தார். அண்ணன் என்னிடம் சத்தமே இல்லாமல் சொன்னார்.

"அறுத்துப் பாருங்க கம்பவுண்டரே. வயித்துல மருந்து இருந்தா நான் அவனூட்டுக்குப் போறேன். கம்பி கிம்பி முழுங்கியிருந்தா அரிவாளைக் கூரையில சொருகிப்போடறேன்."

செத்த மாட்டை டாக்டர் பக்கத்தில் நிற்க நான் எத்தனையோ தடவை அறுத்திருக்கிறேன். அறுத்தால் ஒரு கொலை நிற்கும் என்றால் அறுப்பதுதானே நியாயம் என்று நினைத்தேன். டாக்டர் இல்லாமல் நானே செய்து முடித்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசையும் இருந்தது, மறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரப்பர் கையுறை ஒரு ஜோடிதான். அதை நான் போட்டுக்கொண்டேன். பின்னங்காலை விரித்துப் பிடிக்க ஆள் வேண்டும். அண்ணன் பிடித்தார், வெறுங்கையோடு. முந்தின நாள் வேலி அடைத்ததில் அவருடைய முன்கையெல்லாம் முள் கீறல்.

இரைப்பையில் கம்பியும் இல்லை, மருந்தும் இல்லை. வழிந்த ரத்தம் உறையவே இல்லை. மண்ணீரலை எடுத்தேன், இருக்க வேண்டியதுக்கு மூன்று மடங்கு. அழுத்தினால் கறுப்பு ஜாம் மாதிரி பிதுங்கியது. அதைப் பார்த்ததும் ஏதோ தப்பு என்று பட்டது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை. வேலமரத்துப் பக்கம் இடுப்பளவு குழி வெட்டிப் புதைத்தோம். அண்ணன் அரிவாளைக் கூரையில் சொருகினார். எனக்கு மோர் கொடுத்தார்கள்.

மோர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்டக்டர் சொன்னது திரும்ப வந்தது. ஓட்டமாக ஓடி வந்து கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு வந்து பீரோவைத் திறந்து சணலை அறுத்தேன். செக்போஸ்ட் டாக்டரின் பக்கம் இங்கிலீஷில் சிவப்பு மையில் இருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய மாடுகளில் மூன்று ஒரே நாளில் செத்திருக்கின்றன. மூக்கில் கறுத்த ரத்தம். ஆந்த்ராக்ஸ், நம்மூரில் சொல்லும் அடைப்பான் என்று சந்தேகம். செத்த மாட்டின் மேல் கத்தி வைக்கவே கூடாது, காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும். ஆளுயரக் குழி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். இதை உடனே உங்கள் அட்டெண்டருக்குச் சொல்லுங்கள் என்று கடைசி வரி, கீழே இரண்டு கோடு.

அண்ணன் அந்தச் சந்தையில் ஒரு கிடாரிக் கன்று வாங்கி வந்தது எனக்குத் தெரியும்.

நோட்டைப் பின்பக்கம் புரட்டினேன். மலை டாக்டர் முன்னொரு தடவை அடைப்பானைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். எஸ்டேட் கூலிக்காரர் லைன் வீட்டில் செத்த மாட்டைத் தோலுரித்த ஒரு ஆளைப் பற்றி. முதலில் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு. பிறகு நீர்க்கொப்புளம். பிறகு நடுவில் கரி மாதிரி கறுப்பு. அது வலிக்காது, வலிக்காததால் அவன் சொல்லவில்லை, சொன்னபோது நேரம் கடந்துவிட்டது என்று முடித்திருந்தார். சீக்கிரம் பெனிசிலின் போட்டால் பிழைக்கலாம் என்று ஓரத்தில் வேறு கையெழுத்தில் இருந்தது.

எதிர்காற்றில் சைக்கிளை மிதித்து எலப்புள்ளிப் பக்கத்து டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் என்னை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். குழியை ஆழமாக்கி சுண்ணாம்பு கொட்டச் சொன்னார். கட்டுத்தறி வைக்கோலைக் கொளுத்தினோம். மிச்ச மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார். எல்லாம் முடிந்து கை கழுவும்போதுதான் கேட்டார்.

"ஆரு கத்தி வெச்சது?"

நான்தான் என்றேன். நோட்டு என்றைக்கு வந்தது என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றேன். அவர் கையைத் துடைத்தார். ஒரு வாரம் இரண்டு பேர் கையையும் தினம் பார், சின்னத் தடிப்பு வந்தாலும் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். பெரியவன் தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தான். நான் தூக்கவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகும் தூக்கவில்லை. உங்கள் அம்மா ஏன் என்று கேட்டாள், காற்றில் தலைவலி என்றேன்.

வியாழக்கிழமை அண்ணன் கையைப் பார்த்தேன். கீறல்தான் இருந்தது. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். சட்டை போடாமல், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் சிரித்தார். தினமும் வந்து கையைப் பிடித்துப் பார்க்கிறீர்களே, பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கு, உங்க அக்கா கோவிச்சுக்குவா என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனியும் ஞாயிறும் போனபோது அவர் வீட்டில் இல்லை. திங்கட்கிழமை போனபோது அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். சந்தைக்குப் போகணும் என்றார். திங்கட்கிழமை சந்தை இல்லை.

கையைக் காட்டச் சொன்னேன். ஒன்றுமில்லை என்றார். அக்கா அடுப்படியிலிருந்து வந்து நின்றார். சட்டைக் கையை அவரே மேலே ஏற்றினார், புருஷன் தடுக்கத் தடுக்க. முன்கை முழங்கை வரை வீங்கியிருந்தது. நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு, சுற்றிலும் முத்து முத்தாக நீர்.

"வலியே இல்லீங்க கம்பவுண்டரே," என்றார் அண்ணன். "வலிச்சிருந்தா நானே சொல்லியிருக்க மாட்டனா? இது வெளிய தெரிஞ்சா எம்பட ஊட்டுப் பாலை எவனுங்க வாங்குவான்?"

வலிக்கவில்லை என்று அவர் சொன்ன சொல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எந்த மாட்டின் கதறலும் என்னை அப்படிப் பயமுறுத்தியதில்லை. அடுத்த பஸ்ஸில் ஏற்றினேன். அதே கண்டக்டர். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கொடும்பு ஊரைத் தாண்டுவதற்குள் குளிர் நடுக்கத்தில் அவருக்குப் பல் கிட்ட ஆரம்பித்தது. ஜில்லா ஆஸ்பத்திரி டாக்டரிடம், மலை டாக்டர் எழுதியதை நான் பார்த்தெழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் ஊசி எடுத்தார். நாலு நாள் அண்ணன் பிழைப்பாரா என்று யாரும் சொல்லவில்லை. அக்கா வராந்தாவில் உட்கார்ந்தே இருந்தார். ஐந்தாம் நாள் அண்ணன் கஞ்சி கேட்டார்.

இதற்கு நடுவில் ஒரு காரியம் செய்தேன். எங்கள் டாக்டர் திரும்பி வந்ததும் அவர் முன்னாலேயே நோட்டின் ஓரத்தில் தமிழில் எழுதினேன்: செவ்வாய் மதியம் வந்தது. புதன் மதியம் பிரித்தேன். காலையில் அறுத்தேன். அந்த நோட்டில் இருந்த ஒரே தமிழ் அதுதான். டாக்டர் அந்த வரியை அடிக்கவில்லை, மேலதிகாரிகளுக்கு என்னைப் பற்றி எழுதிக் கொடுக்கவும் இல்லை. அடுத்த சுற்றில் நோட்டு வந்தபோது என் வரிக்குக் கீழே மலை டாக்டர் கையெழுத்தில், இனி யார் கையில் கிடைத்தாலும் உடனே பிரித்துப் படிக்கலாம் என்று இருந்தது. மற்ற மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எங்கள் டாக்டர் கடைசியாகப் போட்டார்.

ஆனால் அண்ணன் அந்த நோட்டைப் பார்த்ததில்லை. முன்கைத் தழும்பை டீக்கடையில் எல்லாருக்கும் காட்டுவார். இந்தக் கம்பவுண்டர் இல்லையென்றால் நான் மண்ணுக்குள்ள போயிருப்பேன் என்பார். முதல் தேங்காய்க் குலை நம் வீட்டுக்கு வரும். அந்தத் தேங்காயில் அரைத்த சட்னியைத்தான் நீங்கள் தின்று வளர்ந்தீர்கள். அவர் சாகும்வரை நான் ஒரு நாளும், அண்ணா, எச்சரிக்கை என் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது, உங்களை மாட்டுக் காலைப் பிடிக்கச் சொன்னதும் நான்தான் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் சொல்ல வாய் எடுப்பேன். அவர் தழும்பைக் காட்டிவிடுவார்.

மலை டாக்டர் இன்னொன்றும் எழுதியிருந்தார். அந்தக் கிருமி மண்ணுக்குள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் படுத்துக் கிடக்குமாம். வேலமரத்தடியில் நாங்கள் முள்வேலி போட்டு வைத்தோம். அண்ணன் இருந்தவரை அங்கே ஆடு மாடு விட்டதில்லை. இப்போது அந்தக் காடு வேறு ஆள் கைக்குப் போய்விட்டது. போன வாரம் அந்தப் பக்கம் நடந்து போனேன். வேலி இல்லை. மண் அள்ளுகிற வண்டி ஒன்று நிற்கிறது, வேலமரத்தைச் சாய்த்திருக்கிறார்கள். அங்கே தோண்டாதீர்கள் என்று போய்ச் சொன்னேன். மாடு செத்தது எந்த வருஷம் பெரியவரே என்று கேட்டார்கள். சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மண் எங்கே போகிறது என்று கேட்டேன். பல இடத்துக்குப் போகிறது என்றார்கள்.

சின்னவளே, இதை உன் டாக்டர்மார் கூடும் இடத்தில் போடு. இடத்தையும் அடையாளத்தையும் கீழே எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வைக்காதே. போட்ட பிறகு யார் யார் பிரித்துப் பார்த்தார்கள் என்று அதில் தெரியுமா? தெரிந்தால் எனக்குச் சொல்.