சிவப்பு அறைக்கு ஓர் ஆள்

மருந்துச் சோதனைக்காகக் குரங்குகள் வளர்க்கும் அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பெயர் கூண்டக்கா. வீட்டில் தேடினால் கிடைக்கமாட்டாள், கூண்டில் தேடுங்கள் என்று அவள் புருஷன் யாரிடமோ சொன்னது வேலையிடத்திலும் வந்து ஒட்டிக்கொண்டது.

இரண்டு அறைகள். ஒன்றில் நெட்டைக்கால் சிவப்புக் குரங்குகள், மற்றதில் பழுப்புக் குரங்குகள். காசநோய் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் இமையில் ஊசி குத்துவார், அவள் பிடித்துக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி, நடுவில் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு. வருஷக்கணக்காக அப்படித்தான். வழக்கமாகப் பழுப்பு அறைதான் முதலில். இந்த முறை, “சிவப்புல ஆரம்பிங்க சார், மகாராணிக்குப் பசி பொறுக்காது” என்று சொன்னது அவள்தான். மகாராணி சிவப்பு அறையின் மூத்த பெண் குரங்கு; ஊசி முடிந்த பிறகுதான் தீனி.

அடுத்த வாரம் பழுப்பு அறையில் முகங்கள் வீங்கின. மூக்கில் ரத்தம். ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. சிவப்பு அறையில் ஒரு தும்மல்கூட இல்லை. அவற்றின் உடம்பில் சாதுவாகக் குடியிருந்த கிருமி, ஊசியில் ஏறிப் பழுப்புகளுக்குப் போயிருக்கிறது என்றார் டாக்டர். மனிதருக்கு ஒட்டாது என்றும் சொன்னார். அதை மட்டும் யாரும் நம்பவில்லை.

“நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கணும் சார்.”

“ஊசி என் கையிலதானம்மா இருந்துச்சு.”

மேலிடம் ஒரு வழி சொல்லியிருந்தது. சிவப்புகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பழுப்பு அறையை இனி எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. ஆள் இல்லாவிட்டால் நாளை காலை சிவப்புகள் அத்தனைக்கும் விஷ ஊசி.

“நீங்க போங்கண்ணே” என்றாள், கூண்டு கழுவும் குழாய்க்காரரிடம்.

“என் பொண்டாட்டி தும்முனாலே நான் மாடிக்கு ஓடிருவேன். என்னைய போய்ச் சொல்ற.”

அவள் மடியில் மொட்டையன் கிடந்தான். பழுப்புகளில் மிஞ்சியவர்களில் ஒருவன். கண் திறக்க முடியாத வீக்கம். அவள் கையிலிருந்து மட்டும் இரண்டு வாய் வாங்கினான்.

“இவன் போற வரைக்கும் இருந்துட்டு வரேன் சார்.”

“இன்னிக்கே போயிரலாம். ரெண்டு நாளும் இழுக்கலாம். அவங்க நாளைக்குக் காலையிலன்னு சொல்லிட்டாங்கம்மா.”

கொஞ்ச நேரம் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு பழத்தை மசித்து, பின்வாங்கப் பார்த்த குழாய்க்காரரின் கையில் வைத்தாள்.

“வாய்க்கு நேரா நீட்டாதீங்க. பக்கத்துல வச்சிட்டு எங்கயோ பாக்குற மாதிரி இருங்க. அப்பதான் எடுப்பான்.”

“எடுக்கலன்னா?”

“எடுக்கலன்னாலும் பக்கத்துலயே இருங்க.”

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். சேலையை மாற்றினாள். சிவப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் மகாராணி கம்பி வழியே கையை நீட்டி, கொண்டு வந்த பழத்தைப் பிடுங்கி, தின்றுகொண்டே இன்னொன்றுக்கு அவள் முந்தானையை இழுத்தது.

“இருடி” என்றாள். “எங்கயும் போகல.”