வாசலில் புகைந்த மாங்கட்டை

சுகுணா போன செய்தி வந்தபோது நான் மெஸ்ஸில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். காய்ச்சல் என்று அவள் வேலைக்கு வராமல் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி, அவ எழுந்துக்கல. நீ வா." அவ்வளவுதான் சொன்னார். கைகூடக் கழுவாமல் பொத்தேரியில் ஊருக்கு ரயில் ஏறினேன்.

பொத்தேரி மெஸ்ஸில் அவளோடு அடுப்பில் வெந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அஞ்சாவது வரைதான் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "அந்தக் காளான் கட்டையெல்லாம் என்ன ஆச்சு லட்சுமி?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன். அவள் பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் தெரியாமல் இருக்குமா? முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் முதல் முறை காளான் குழம்பு கொண்டுவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "அய்ய, நாய்க்கொடை" என்று எல்லோரும் மூக்கைப் பிடித்தோம். அவள் எங்கள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். "நாளிக்கு நான் வரலன்னா நீங்க துன்னாதீங்க. வந்தேன்னா மருவாதியா இந்த டப்பாவ நீங்க கழுவணும்" என்றாள். மறுநாள் வந்தாள். டப்பாவைக் கழுவியது நான்தான். அதற்குப் பிறகு அவள் டப்பாவை முதலில் திறப்பதும் நான்தான்.

போன வருடம், வீட்டுக்குப் பின்னால் அவள் காளான் வளர்த்த பழைய கட்டைகள் சத்துப் போய் உதிர்ந்துவிட்டன. செய்யூரில் அவள் அக்கா வீட்டு மாமரம் காற்றில் சாய்ந்தது. அதில் தொடை தடிமனுக்குக் கட்டைகள் வெட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். "கட்டைக்கும் டிக்கெட் எடும்மா" என்றார் கண்டக்டர். "அது நின்னுகினுதானே வருது. உக்காந்தா எடுக்கறேன்" என்றாள் இவள். பஸ்ஸே சிரித்தது.

அண்ணனுக்கு மாமல்லபுரத்தில் சிலை செய்கிற பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கும்போது அவருடைய டிரில் மிஷினை எடுத்துக் கட்டை முழுக்கத் துளை போட்டாள். துளைக்குள் காளான் விதையை அடைத்து, மெழுகுவர்த்தியை உருக்கி மேலே ஊற்றி மூடினாள். "கல்லு குடையற மிஷின்ல கட்டையக் குடையறியே, அறிவு கீதா?" என்று அவர் கத்தினது எங்கள் வீடு வரை கேட்டது. வாழைமரத்து நிழலில் அடுக்கி, ஈரச் சாக்கு போட்டு, தினமும் தண்ணீர் தெளித்தாள். "சும்மா கெடக்குதேன்னு பாக்காத. உள்ள வேல நடந்துகினு கீது. மழைக்கு வரும். மெஸ் பொம்பளைங்க அத்தன பேருக்கும் ஒரு நாள் கொழம்பு" என்பாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஊம் கொட்டுவேன். ஒரு நாளும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.

எங்கள் பக்கம் சாவு விழுந்தால், பிணம் எடுக்கிற வரை வாசலில் ஒரு பெருங்கட்டை புகைந்துகொண்டிருக்க வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது பங்காளி ஒருவர், "கட்ட இன்னும் வெக்கலியா? எங்க கீதும்மா?" என்று என்னைக் கேட்டார். நான் அழுதுகொண்டே, "பின்னாடி சாக்கு போட்டு மூடிக் கெடக்குது, எடுத்துக்கோங்க" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

"பச்சக் கட்ட, நல்லா நின்னு எரியும்" என்று அவர் சந்தோஷப்பட்டார். கொஞ்ச நேரத்தில் கட்டையிலிருந்து வெள்ளையாக, வரிசை வரிசையாக ஏதோ உருகி வழிந்தது. மெழுகு. அது அவளுடைய காளான் கட்டை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வைத்த கட்டையை இழுக்கக் கூடாது என்பார்கள். ஆனால் நான் சும்மா நின்றதற்குக் காரணம் அது இல்லை. இழுத்தால், "யார் எடுக்கச் சொன்னது?" என்று கேட்பார்களே என்றுதான். பிணம் எடுத்த பிறகு மிச்சக் கட்டைகளைச் சொந்தக்காரர்கள் குளிக்க வெந்நீர் போட எடுத்தார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. சாயங்காலம், சமையலுக்கு வாங்கி மிஞ்சிய சவுக்கு விறகை அதே இடத்தில் அடுக்கி, அதே சாக்கைப் போட்டு மூடினேன்.

காரியம் முடிந்த மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அண்ணன் பக்கெட்டும் செம்புமாக நின்று, சாக்கை விலக்காமல் மேலேயே, சவுக்கு விறகுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பட்டறைக்குப் போகும் முன் தினமும் தெளித்தார். கல் தூசு படிந்த கையால் சாக்கை இழுத்து, ஓரமெல்லாம் மூடிவிடுவார்.

போன வாரம் மழை வந்தது. அவர் வேலிக்கருகில் வந்து, "இன்னா தங்கச்சி, மழைக்கு வரும்னு சொல்லிக்கினு இருந்தாளே, ஒண்ணயும் காணோம்? நான் தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டேனா?" என்று கேட்டார். தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். வாசலில் புகைந்தது எது, வெந்நீர் காய்ந்தது எதில், சாக்கு போட்டு மூடியது யார், எல்லாம் சொன்னேன்.

"எல்லாமேவா?"

"எல்லாமே அண்ணே."

"அப்ப இத்தினி நாளா நான் வெறகுக்கா தண்ணி ஊத்தினேன்?"

திட்டியிருக்கலாம். அவர் திட்டவில்லை. உள்ளே போய்விட்டார்.

நேற்று செய்யூரிலிருந்து மாங்கட்டைகளை வெட்டிக்கொண்டு வந்து வாழைமரத்தடியில் போட்டார். மிஷினையும் எடுத்து வைத்தார். "ஓட்ட நான் போட்டுடறேன். எத்தினி ஆழம், விதைய எப்புடி அடைக்கறது, நீ சொல்லு. நீதானே அவ கூடயே இருந்த" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் அவள் டப்பாவைத் திறந்து முதல் வாய் சாப்பிட்டவள் நான். அவள் குழம்பில் மிளகு எவ்வளவு, சோம்பு எவ்வளவு என்று நாக்கு இன்றைக்கும் சொல்லும். அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ருசி மட்டும்தான். அவள் கைவேலை ஒன்றும் என் கைக்கு வரவில்லை. அதையும் அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

உங்களில் யாராவது அவள் கட்டையில் விதை வைத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் வாருங்கள். சீக்கிரம் வாருங்கள். கட்டை காய்ந்துவிட்டால் விதை பிடிக்காதாம்.