தாளிக்காத வீடு

காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த கருவியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று செல்வகுமாரி கண்ணாடியில் பார்த்தாள். எரிந்தது. ஆனால் வீட்டில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

காலையில் ஆஸ்பத்திரியில் கேட்டதே! சில வாரங்களுக்கு முன் தலைக்குள் வைத்துத் தைத்ததை இன்றுதான் இயக்கினார்கள். அங்கிருந்த பெண் மேசையைத் தட்டியது தகரத்தில் கல் விழுந்த மாதிரி இருந்தது. அவள் பேசியது குருவிக் கூட்டம் போல் கீச்சிட்டது. பேச்சு பிடிபட நாளாகும், அதுவரை வீட்டுச் சத்தங்களைக் கேட்டுப் பழகுங்கள் என்று எழுதிக் காட்டியிருந்தாள். பண்டசோழநல்லூர் வரும்வரை ஆட்டோவின் இரைச்சல்கூடக் கேட்டது. வாசல்படி ஏறியதும் எல்லாம் நின்றுவிட்டது.

ஏதாவது பேசிப் பார்க்கலாம். தன் குரலும் கேட்காவிட்டால்? ஆபரேஷன் வீணா? அந்த பயத்தில் வாயைத் திறக்காமல் வீட்டைச் சுற்றி வந்தாள்.

இந்த வீட்டில் சத்தம் என்றாலே மாமனார் சிவப்பிரகாசம்தான். அவளுக்குக் காது மந்தமானதிலிருந்து எதிரில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி கத்திப் பேசுவார். ஆபரேஷனுக்கு அலைந்து ஏற்பாடு செய்தவரும் அவரே. அது நடக்கும் முன்பே, ஐப்பசியில் இறந்துபோனார். அவர் போனதில் வீடு உண்மையிலேயே இப்படி ஆகிவிட்டதோ? அதுவும் தோன்றியது.

சுவர்க் கடிகாரம் நின்றிருந்தது. பின்னால் தடவினாள், பேட்டரி இல்லை. டிவியில் படம் ஓடியது, ஓரத்தில் சத்தமில்லை என்ற அடையாளம். கொல்லையில் ஒரு கோழிகூட இல்லை. அடுப்படியில் மிக்ஸியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ரசத்தைக் குனிந்து பார்த்தாள். ஒரு கடுகுகூட மிதக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்த நாள் முதல் இதே ரசம். டாக்டர் சொன்ன பத்தியம் என்றல்லவா நினைத்திருந்தாள்!

அலமாரியிலிருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்தாள். ஒரு கணம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

தலைக்குள் மணி உடைந்து சிதறியது.

மாமியார் தையலம்மாள் நுனிக்காலில் ஓடிவந்து, உருளும் சொம்பை அமுக்கிப் பிடித்தாள். பின்னாலேயே கணவன் நாகராஜன், உதட்டில் விரலோடு.

"கேக்குது!" என்றாள் செல்வகுமாரி. தன் குரல் யாரோ தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல் இருந்தது. "ஏன் எல்லாரும் ஊமையாயிட்டீங்க?"

தையலம்மாளின் உதடுகளைப் பார்த்துப் படித்தாள். "பக்கத்து வூட்டு காசம்மாதான்டி சொன்னா. அம்மை போட்ட வூடு மாதிரி இருக்கணுமாம். தாளிக்கக் கூடாது, வாசன புண்ணுக்கு ஆவாது. சத்தம் போடக் கூடாது, பச்சப்புள்ள காது மாதிரி அது. கோழிய அவ வூட்லதான் வுட்ருக்கேன்."

"நானும் மூச்ச புடிச்சிக்கினு நடக்குறேன்," என்றான் நாகராஜன். "தும்மல் வந்தா தெருக்கோடிக்கு ஓடுறேன்டி."

செல்வகுமாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் சிரிப்பையே வினோதமாகக் கேட்டபடி சிரித்தாள். "மாமா இருந்தா இத்தினி நாளு இந்த ரசத்த துன்னுருப்பாரா அத்த?"

தையலம்மாள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "தட்டத் தூக்கி எறிஞ்சிருப்பாரு. அந்த சத்தத்துலயே ஒனக்குக் காது வந்துருக்கும்."

அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணெய் காய்ந்தது. கருவி இருந்த பக்கத்தைச் செல்வகுமாரி வாணலியை நோக்கிச் சாய்க்க, நாகராஜன் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

கடுகு விழுந்தது. புதுத் துணியை யாரோ வெடுக்வெடுக்கென்று கிழிப்பது போல் இருந்தது. அவள் நினைவில் வைத்திருந்த சத்தம் இது இல்லை. எது சரி, அதுவா இதுவா? கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அதற்குள் அடங்கிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் போடுங்க அத்த," என்றாள்.